ஐந்து நிமிட செமினாருக்குப் பயப்படும் மகன்

அம்மா, உங்கள் மகன் தமிழ்வழியில் படித்துவிட்டு சிவில் இன்ஜினியரிங் முதலாண்டு சேர்ந்திருக்கிறான், பாம்பன் பாலத்தைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், நான்கு பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு தூங்காமல் கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த நான்கு பக்கத்தை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்தவனுக்கு நடுவில் ஒரு சொல் மறந்தால் அடுத்த வரியும் வராது. அவனுடைய பயமே அதுதான்.

நிதானமாகப் பேசினால் ஐந்து நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு ஆங்கிலச் சொற்கள்தான் பிடிக்கும். பாலத்தின் முழு வரலாறும் அதில் அடங்காது. ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும்: கப்பல் வந்தால் பாலம் எப்படி வழிவிடுகிறது? 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலே எழும்பும். அதை ஆட்கள் கையால் இயக்கினார்கள். 2025-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, மோட்டார் விசையால், பிரியாமல் அப்படியே 17 மீட்டர் உயர்கிறது. இரண்டு பாலங்களுக்கும் ஒவ்வொரு படம். ஸ்லைடில் அதற்கு மேல் எழுத்து வேண்டாம். எழுத்து இருந்தால் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதையே வாசிப்பான்.

இனி உங்கள் வேலை. எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது இங்கே தேவையே இல்லை. இன்று இரவு அவனை இதை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் தயங்காமல் கேளுங்கள். அவன் எங்கே தடுமாறுகிறானோ, அங்கே அவனுக்கே விஷயம் பிடிபடவில்லை என்று அர்த்தம். பல பிள்ளைகள் இதை ஆங்கிலப் பிரச்சினை என்று நினைத்துக் குமைகிறார்கள். உங்களுக்குப் புரிந்த பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றட்டும்.

முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கலாம். நடுவில் கையில் ஒரு சின்ன அட்டை, அதில் நான்கைந்து சொற்கள். அப்புறம், படுக்கையில் முணுமுணுப்பது பயிற்சி ஆகாது. எழுந்து நின்று, சத்தமாக, போனில் பதிவு செய்துகொண்டே பேச வேண்டும். நாலரை நிமிடத்தில் முடிந்தால் சரி. வகுப்பில் எப்படியும் கொஞ்சம் நீளும். இலக்கணம் தப்பினால் திரும்பிப் போய்த் திருத்தாமல் மேலே பேசட்டும்.

கடைசியில் ஆசிரியர் தெரியாத ஒன்றைக் கேட்டால், “தெரியவில்லை சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்பதையும் ஆங்கிலத்தில் இப்போதே சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.