வேளாண் பட்டம் முடித்து ஊரகச் சமூகவியலுக்குப் போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் ஊரகச் சமூகவியலில் எம்.எஸ். சேர ஆசை. சமூகவியல் பட்டம் இல்லாத எனக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்களுடையது நான்காண்டுப் பட்டம். மூன்றாண்டுப் பட்டதாரிகள் சில இடங்களில் சந்திக்கும் தகுதிச் சிக்கல் உங்களுக்கு வராது. சமூகவியல் கோட்பாடு, ஆய்வு முறையியல் பாடங்கள் இல்லாத குறையைச் சேர்ந்தபின் கூடுதல் பாடமாக ஈடுகட்டச் சொல்லலாம். புள்ளியியல் மதிப்பெண்ணைக் கோட்டை விடாதீர்கள்.

துறையின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி இடங்கள் கண்ணில் படாது. பென் ஸ்டேட்டில் (பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம்) ஊரகச் சமூகவியல் என்ற பெயரிலேயே பட்டம் இருக்கிறது. விஸ்கான்சின் மேடிசனில் அந்தத் துறை இன்று 'சமுதாய, சுற்றுச்சூழல் சமூகவியல்'. கார்னெலில் 'உலகளாவிய வளர்ச்சி' துறைக்குள் அடக்கம்.

வேளாண் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது, ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில்தான். "விவசாயிகள் சொட்டுநீருக்கு மாறவில்லை, விழிப்புணர்வு ஊட்ட விரும்புகிறேன்" என்பது விரிவாக்கப் பணியாளரின் பேச்சு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஆனால் சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் என்ன செய்வார்? கிணற்றில் கால் பங்கு மட்டும் உள்ளவர்? பட்டா கணவர் பெயரில் இருக்க, காட்டு வேலை முழுவதையும் பார்க்கும் பெண்? இப்படிக் கேட்டால் அது சமூகவியல். பட்டப்படிப்பின் பகுதியாக ஊரில் தங்கி விவசாயிகளோடு பயிலும் கிராமத் தங்கல் திட்டத்தில் எழுதிய நாட்குறிப்பை எடுத்துப் புரட்டுங்கள், இத்தகைய கேள்வி ஒன்றாவது அதில் கிடக்கும். அதே கேள்வியில் வேலை செய்யும் பேராசிரியருக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பத்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் ஆர்வத்துக்கு வழிகாட்ட ஆளில்லாத துறையில், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் இடம் கிடைப்பது கடினம்.

மற்றவை எளிது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பென் ஸ்டேட்டுக்குக் குறைந்தது 6.5 வேண்டும், மதிப்பெண் இரண்டாண்டுக்குத்தான் செல்லும். மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வைப் பல துறைகளில் கேட்பதில்லை. 10 புள்ளி சிஜிபிஏவை நீங்களாக 4 புள்ளிக்கு மாற்றாமல் அப்படியே கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று. ஒன்றாவது உங்கள் களப்பணியை நேரில் பார்த்த ஆசிரியரிடமிருந்து வரட்டும். விண்ணப்பக் கெடு பொதுவாக டிசம்பர், ஜனவரி.

அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் பணத்தை மறந்துவிடாதீர்கள். உதவித்தொகைப் பணி (அசிஸ்டன்ட்ஷிப், கற்பித்தலிலோ ஆய்விலோ துறைக்கு உதவும் வேலை) என்றால் வழக்கமாக வாரம் 20 மணி நேர வேலை, கல்விக் கட்டண விலக்கு, மாதச் சம்பளம். அது கடிதத்தில் எழுத்தில் இல்லையெனில் துறைக்கு எழுதிக் கேளுங்கள். நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவது அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்ற நடைமுறை. அதற்குமுன் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.