மேடை இசை நாடகத்தில் பெயர் வாங்கிய நடிகரை விட்டுவிட்டு, படமாக்கும்போது அதே வேடத்தை வேறொருவருக்குக் கொடுப்பது நியாயமா?

கொடுக்கலாம், அதில் தவறு இல்லை. ஆனால் ஒரு வேடத்தின் உயிர் குரலில் இருக்கும்போது, முகத்துக்காக ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் குரலுக்கு வேறு ஆளைத் தேடுவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. இதைச் சொல்ல 'மை ஃபேர் லேடி'யைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த நாடகம் 1956 மார்ச் 15 அன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அரங்கேறியது. லண்டனில் பூ விற்கும் எலைசாவாக ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்தார். அப்போது அவருக்கு வயது 20. எலைசாவுக்கு மேட்டுக்குடி உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியர் ஹிக்கின்ஸாக ரெக்ஸ் ஹாரிசன் நடித்தார். நாடகம் 2,717 காட்சிகள் ஓடியது. திரைப்பட உரிமையை 55 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ தலைவர் ஜாக் வார்னர், முதலில் முக்கியமான வேடங்கள் எல்லாவற்றுக்கும் ஆளை மாற்றத்தான் நினைத்தார். ஹிக்கின்ஸாக நடிக்க ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்டைக் கேட்டார். ஹாரிசன் நடிக்காவிட்டால் படத்தைப் பார்க்கக்கூட வரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில் ஹாரிசன் தப்பினார், எலைசாவின் அப்பாவாக நடித்த ஸ்டான்லி ஹாலோவேயும் தப்பினார். ஆண்ட்ரூஸ் மட்டும் வெளியே நின்றார். எலைசா வேடம் 10 லட்சம் டாலர் சம்பளத்தில் ஹாலிவுட் நட்சத்திரம் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் போனது. பாட்டுகளில் பெரும்பகுதியை அவருக்காக வேறொருவர் பாடினார்.

வார்னர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கில் டாலர் செலவாகும் படம். பிராட்வேயையே பார்த்திராத ஊர்களிலும் டிக்கெட் விற்றாக வேண்டும். ஆனால் ஆண்ட்ரூஸை யாருக்கும் தெரியாது என்று சொல்லப்படுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1957-இல் அவர் நடித்த 'சின்ட்ரெல்லா' அமெரிக்கத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானபோது, பார்த்தவர்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று கணக்குச் சொன்னார்கள். நாடகத்தின் இசைத்தட்டோ லட்சக்கணக்கான வீடுகளில் சுழன்றுகொண்டிருந்தது. நாடே அறிந்த குரல் அது.

இசை நாடகத்தில் பாட்டு என்பது வசனத்தின் தொடர்ச்சி. பேசிப் பேசி, இனிப் பேச்சு போதாது என்கிற இடத்தில் பாத்திரம் பாடத் தொடங்குகிறது. அதனால் பேசும் தொண்டையும் பாடும் தொண்டையும் ஒன்றாக இருப்பது அங்கே அவசியமாகிறது. பின்னணிப் பாட்டில் ஊறிய நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் 1953-இல் வந்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளை வாயசைக்க மட்டும் வைத்து, வேறொருவரைப் பாடவைத்திருந்தால் நாம் பொறுத்திருப்போமா?

படத்தில் 'ஜஸ்ட் யூ வெயிட்' பாட்டைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஹிக்கின்ஸ் மேல் வந்த கோபத்தில் எலைசா கறுவிக்கொண்டே பாடும் தொடக்கம் ஹெப்பர்னின் சொந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூச்சுத்திணறல், அச்சு அசலான தெருப்பெண். நடுவில் ஒருநாள் தான் பெரிய ஆளாகி அரசரே தன்னைக் கொண்டாடுவதுபோல் அவள் கனவு காண்கிறாள். மெட்டு மேலே ஏறும் அந்த இடத்தில் குரல் சட்டென்று மென்மையாகி, வழுவழுப்பாகிவிடுகிறது. அது மார்னி நிக்ஸன் என்ற பாடகியின் குரல். கோபம் திரும்பும்போது ஹெப்பர்னும் திரும்புகிறார். 1956 இசைத்தட்டில் இதே இடத்தை ஆண்ட்ரூஸ் எப்படிக் கடக்கிறார் என்று கேட்டால் வித்தியாசம் புரியும். கனவுக்காகக் குரலை உயர்த்துகிறார். கனவு கலைந்ததும் கொச்சை உச்சரிப்பில் பொத்தென்று விழுகிறார். ஏறியவளும் விழுந்தவளும் ஒருத்திதான் என்பதால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, அவள்மேல் பரிவும் வருகிறது. படத்தில் அந்தப் பரிவு எனக்கு வரவில்லை.

இதே படத்தில் ஹாரிசனுக்கு என்ன சலுகை கிடைத்தது என்று பாருங்கள். அவர் பாட்டைப் பாதி பேசி, பாதி பாடுபவர்; ஒருமுறை செய்ததுபோல் மறுமுறை செய்யமாட்டார். முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். உடனே அவர் டைக்குள் சின்ன வயர்லெஸ் மைக்கை ஒளித்துவைத்து, படப்பிடிப்புத் தளத்திலேயே பாடவைத்துப் பதிவு செய்தார்கள். அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. பாத்திரத்தின் மூச்சு முக்கியம் என்று ஹிக்கின்ஸுக்குப் புரிந்துகொண்டவர்கள், எலைசாவுக்கு அதைப் புரிந்துகொள்ளவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஹெப்பர்னைக் குறை சொல்வது அநியாயம். தான் மறுத்தாலும் வேடம் ஆண்ட்ரூஸுக்குப் போகாது என்று தெரிந்த பிறகே அவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். பாட்டுக்காகக் கடுமையாகப் பயிற்சி எடுத்தார், எல்லாவற்றையும் பாடியும் பதிவு செய்தார். அவற்றில் பெரும்பகுதியைத்தான் ஒதுக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் வெளிவந்த அவருடைய 'வுடன்ட் இட் பி லவர்லி' பதிவைக் கேட்டிருக்கிறேன். மெலிந்த குரல்தான். ஆனால் குளிரில் நின்றுகொண்டு ஒரு கதகதப்பான அறைக்கு ஏங்கும் பெண்ணுக்கு அந்தக் குரல் போதும். இவரைத்தான் நடிக்கவைப்பது என்று முடிவு செய்திருந்தால், சுருதியை இறக்கி இவரையே பாடவிட்டிருக்க வேண்டும் என்பேன்.

மேடையில் நடித்தவரே திரையிலும் நடிக்க வேண்டும் என்பது என் கட்சியல்ல. 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' நாடகத்தில் பால்காரர் டெவியாவாக பிராட்வேயைக் கலக்கியவர் ஸீரோ மோஸ்டல். 1971-இல் படமாக்கிய நார்மன் ஜூவிசன் அவரை விட்டுவிட்டு, லண்டன் மேடையில் அதே வேடத்தில் நடித்த டோபாலை எடுத்தார். மோஸ்டலின் நடிப்பு கேமராவுக்கு மிகப் பெரியது என்று அவர் கருதினார். டோபாலின் பாட்டும் பேச்சும் ஒரே உடம்பிலிருந்து வருகின்றன. எனக்கு அந்த மாற்றத்தில் குறையே தெரியவில்லை. இதற்கு நேர்மாறானது 2021-இல் வந்த 'டியர் எவன் ஹான்சன்'. மேடையில் அந்த வேடத்துக்காக பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கிய பென் பிளாட்டையே பள்ளி மாணவனாக நடிக்கவைத்தார்கள். மேடைத் தொலைவில் மறைந்திருந்த வயது, திரையின் நெருக்கத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. குரல் அற்புதம், முகம் ஒட்டவில்லை.

ஆண்ட்ரூஸ் கதை ஊரறிந்தது. 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நடித்து, 'மை ஃபேர் லேடி' படம் வந்த அதே 1964-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை ஆஸ்கரை வாங்கினார். அந்தப் படம் எட்டு ஆஸ்கர் வாங்கியபோதும் ஹெப்பர்னுக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அதிகம் வலிப்பது நிக்ஸன் விஷயம். டெபோரா கெர், நட்டாலி வுட், ஹெப்பர்ன் என்று மூன்று பெரிய நட்சத்திரங்களுக்குப் பாடியவரின் பெயரைப் படங்கள் வெளியானபோது டைட்டிலில் போடவே இல்லை. இத்தனைக்கும் 1964-இல் நியூயார்க் மேடையில் அவரே எலைசாவாக நடித்துப் பாடினார். மறு ஆண்டு 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் கன்னியாஸ்திரீகளில் ஒருவராக வருகிறாரே, சிஸ்டர் சோபியா, அவர்தான் நிக்ஸன். படத்தின் கதாநாயகி ஆண்ட்ரூஸ். அடுத்தமுறை பார்க்கும்போது கவனியுங்கள். அதில் நிக்ஸன் தன் சொந்த முகத்தோடு பாடுகிறார்.