கறுப்பு வயர் இங்கே நியூற்றல் இல்லை: பேஸ்மென்ற் பட்டறை வயரிங் கேள்வி பதில்

நான் ஒன்ராறியோவில் 309ஏ லைசன்ஸோடு வேலை செய்கிற மின் தொழிலாளி. ட்றைவோல் (சுவர்ப் பலகை) அடிக்காத பேஸ்மென்ற்றில் சின்னதாய் ஒரு தச்சுப் பட்டறை போட விரும்புகிற கனபேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டவரின் நகரத்தை முன்னால் போட்டு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

மார்க்கம்: ரேபிள் சோவும் (மேசை வாள்) ஷொப் வக்யூமும் (தூசி உறிஞ்சி) சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுது. 15ஐக் கழற்றிப்போட்டு 20 போடலாமா?

போடவே கூடாது. பிரேக்கர் இருப்பது சுவருக்குள்ளே போகிற வயரைக் காப்பாற்ற. உங்கள் கேபிளின் உறை வெள்ளை நிறமென்றால் அது அநேகமாக 14ஆம் நம்பர் (வயரின் தடிப்பு; நம்பர் குறையக் குறைய வயர் தடிப்பு), 15 அம்பியருக்கு உரியது. மஞ்சள் உறை 12ஆம் நம்பர், 20 அம்பியர். செம்மஞ்சள் 10ஆம் நம்பர், 30 அம்பியர். வெள்ளைக் கேபிளுக்கு 20 போட்டால் பிரேக்கர் விழாது, வயர்தான் சூடாகும்.

கணக்கைப் பாருங்கோ. 120 வோல்ற், 15 அம்பியர் என்றால் மொத்தமே 1800 வற். சோ தனியே அதை முழுக்கக் கேட்கும். அதனால் சோவுக்கு ஒரு 20 அம்பியர் சேர்க்கிற், வக்யூமுக்கு இன்னொன்று, இரண்டும் மஞ்சள் கேபிளில். பிளக் பொயின்ற்றும் 20 அம்பியருக்கு உரியதாக, ஒரு துளை பக்கவாட்டில் வெட்டி T மாதிரி இருக்கிறதாக வாங்குங்கோ.

லைற்றை இந்த இரண்டிலும் கொழுவ வேண்டாம். மரம் இறுகிப் பிரேக்கர் விழுகிற நேரம் வாள் உடனே நிற்காது, சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் லைற்றும் போனால் உங்கள் கை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது. லைற்றுக்குத் தனி சேர்க்கிற் வேண்டும்.

ஏஜாக்ஸ்: நானே செய்யலாமா, பெர்மிற் வேண்டுமா?

சொந்த வீட்டில் நீங்கள் குடியிருந்தால் நீங்களே செய்யலாம். ஆனால் மின் பாதுகாப்பு அதிகாரசபையான ஈ.எஸ்.ஏ.க்கு அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். சுவரை மூட முதல் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். காசு கொடுத்து ஆள் பிடிப்பதென்றால் லைசன்ஸ் உள்ள மின் கொன்ற்ராக்ரர் மட்டும்தான். பெயின்ற் அடிக்க வந்தவர் வயரும் இழுத்துத் தருவார் என்றால் விடாதையுங்கோ.

ஸ்காபரோ: சீலிங் பெட்டியைத் திறந்தால் கறுப்பு, வெள்ளை, வெறும் செம்பு என்று மூன்று வயர். மாமா ஊரில் 20 வருஷம் வயரிங் செய்தவர். கறுப்பு நியூற்றல் என்கிறார்.

தம்பி, மாமாவை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்கோ.

ஊரில், இலங்கையில், பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். இங்கே கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூற்றல், வெறும் செம்பு எர்த். ஊரில் நல்லாய் வேலை தெரிந்தவருக்குத்தான் இதில் ஆபத்துக் கூட. தெரியாதவன் பயந்து பயந்து தொடுவான். தெரிந்தவரின் கை யோசிக்காமலே கறுப்பைப் பிடித்துவிடும்.

எனக்கே நடந்தது. வந்து அப்ரென்ரிஸாகச் சேர்ந்த முதல் மாதம், ஒரு பேஸ்மென்ற்றில் கறுப்பை நியூற்றல் என்ற நினைப்பில் குறட்டால் வெட்டப் போனேன். குறட்டுவாய் பக்கத்தில் இருந்த எர்த்திலும் முட்டியது. ஒரு வெடி, ஒரு நீல வெளிச்சம். வெட்டுவாயில் அரிசி மணி அளவுக்கு இரும்பு உருகிப் போய்விட்டது. அந்தக் குறடு இப்பவும் என் பையில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே அதைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

வெள்ளையையும் நம்ப வேண்டாம். பழைய வீடுகளில் சுவிச்சுக்கு இறங்குகிற வெள்ளையில் லைவ் போகும். 240 வோல்ற் சேர்க்கிற்றில் வெள்ளையும் லைவ்தான். நிறத்தைப் பார்த்துத் தொடாதையுங்கோ, சோதித்துத் தொடுங்கோ.

பிரம்டன்: பெர்மிற் வேண்டுமா?

ஏஜாக்ஸ்காரருக்குச் சொன்னதுதான். வேண்டும்.

ஸ்காபரோ, இன்னொருவர்: சோதிக்கிறதென்றால் ரெஸ்ரர்தானே? ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்க்ரூ ரெஸ்ரர் 25 வருஷமாய் வைத்திருக்கிறேன். ஒருநாளும் பிழைத்ததில்லை.

அண்ணை, அதற்குள்ளே இருக்கிற நியோன் பல்ப் உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகிற துளிக் கரண்டில்தான் எரிகிறது. ஊரில் 230 வோல்ற், பிரகாசமாய் எரியும். இங்கே 120தான், மங்கல். பைபர்கிளாஸ் ஏணியில், தடித்த சப்பாத்தோடு, தலைக்கு மேலே வெளிச்சம் அடிக்க நின்று பார்த்தால் எரிந்தாலும் தெரியாது. எரியவில்லை என்பதை வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவெடுக்க முடியாது. அதற்கு வோல்ற் காட்டுகிற மீற்றர் வேண்டும்.

அதே வாசகர்: நீங்கள் மீற்றர் வாங்க வைக்கிறீர்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் இதைத்தானே பாவித்தவை?

பாவித்தவை. ஆனால் ஊரில் கனவீடுகளில் ட்றிப் சுவிச்சும் இருந்தது, 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வீடு முழுக்க நின்றுவிடும். அதே நினைப்பில் இங்கே பனலில் (பிரேக்கர்ப் பெட்டியில்) இருக்கிற பிரேக்கரை ட்றிப் சுவிச் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. 15 அம்பியர் என்றால் 15,000 மில்லி அம்பியர். உங்கள் உடம்பு வழியாக 100 போனாலும் சாதாரண பிரேக்கருக்கு அது ஒரு சின்ன பல்ப் எரிகிற மாதிரித்தான், அசையாது. ஆளைக் காப்பாற்றுவது கரண்ட் கசிவைப் பார்க்கிற ஜி.எஃப்.சி.ஐ., கிட்டத்தட்ட 5 மில்லி அம்பியரில் வெட்டும். கொங்கிறீற் நிலத்தில் நின்று வேலை செய்கிற பட்டறையில் எல்லாப் பிளக்குக்கும் அதைப் போடுங்கோ. புதிதாக இழுக்கிற பிளக் சேர்க்கிற்றுக்கு வயரில் தீப்பொறி பறந்தால் வெட்டுகிற ஏ.எஃப்.சி.ஐ.யும் பெரும்பாலும் கேட்பார்கள்.

மீற்றரால் சோதிக்கிறதையும் மூன்று தரம் செய்யுங்கோ. முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து மீற்றர் வேலை செய்கிறதா என்று பாருங்கோ. பிறகு தொடப்போகிற வயரில், கறுப்புக்கும் வெள்ளைக்கும், கறுப்புக்கும் எர்த்துக்கும், வெள்ளைக்கும் எர்த்துக்கும். பிறகு திரும்பவும் அந்த முதல் பிளக்கில்.

மிசிசாகா: வெள்ளைக்கும் எர்த்துக்கும் ஏன்? நியூற்றலில் கரண்ட் இல்லைத்தானே?

நல்ல கேள்வி. லைற் எரிகிற நேரம் நியூற்றலைக் கழற்றினால், லைற் பக்கத்திலிருந்து வருகிற வெள்ளையில் 120 வோல்ற் நிற்கும். இங்கே சில வீடுகளில், முக்கியமாகக் குசினிப் பிளக்குகளில், கறுப்புக்கும் சிவப்புக்கும் பொதுவாக ஒரே வெள்ளை. கறுப்பின் பிரேக்கரை மட்டும் ஓஃப் பண்ணிவிட்டு அந்த வெள்ளையைப் பிரித்தால், சிவப்பில் ஓடுகிற கரண்ட் உங்கள் கைக்கு வரும்.

ஏஜாக்ஸ்: வெள்ளைக் கேபிளுக்கு 20 போடலாமா?

முதல் பதிலை வாசியுங்கோ.

மார்க்கம்: பேர்னஸ் வயரும் அந்தப் பக்கம்தான் போகுது. தள்ளி வைக்கலாமா?

நீங்களாகத் தொடாதையுங்கோ, லைசன்ஸ் உள்ளவரைக் கேளுங்கோ.

பிரம்டன்: மெயினை ஓஃப் பண்ணிவிட்டுப் பனல் மூடியைக் கழற்றலாமா?

மெயினை ஓஃப் பண்ணினாலும் வீட்டு மின்கணக்கு மீற்றரிலிருந்து வருகிற இரண்டு தடித்த வயரிலும் கரண்ட் இருக்கும். அதை நிறுத்த உங்களிடம் சுவிச் இல்லை. கேபிளை ஜொயிஸ்ற் (மேல்தளத்தைத் தாங்குகிற மரச் சட்டம்) வழியாக இழுங்கோ, பெட்டியிலிருந்து 300 மில்லிமீற்றருக்குள் ஒரு கிளிப், பிறகு ஒன்றரை மீற்றருக்கு ஒன்று அடியுங்கோ, பெட்டிக்குள் 150 மில்லிமீற்றர் வயர் விடுங்கோ. பனலில் கொழுவுகிற வேலையை லைசன்ஸ் உள்ளவரிடம் கொடுங்கோ.

ஸ்காபரோ, ரெஸ்ரர் அண்ணை: மகனின் மீற்றரை வாங்கிப் பார்த்தேன். ஏணியில் நின்று வைத்தபோது ரெஸ்ரர் எரியவில்லை. மீற்றர் 121 காட்டினது. பிரேக்கரில் வேறு இலக்கம் எழுதியிருக்கிறார்கள் போல.

பார்த்ததற்கு நன்றி அண்ணை. இப்போதைக்கு அந்த வயர் முனைக்கு மாரெற் (முறுக்கிப் போடுகிற மூடி) போட வேண்டாம், தொடவே வேண்டாம். மீற்றரை மகன் பிடிக்க, நீங்கள் பனலில் பிரேக்கரை ஒவ்வொன்றாய் ஓஃப் பண்ணிப் பாருங்கோ. 121 பூச்சியமாகிற பிரேக்கரில் இன்றைக்கே சரியான பெயரை எழுதி ஒட்டிவிடுங்கோ.