டீயும் களியும்

அன்புள்ள சார்,

ஓசூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. கணக்கு எழுத வருமா என்று கேட்டார்கள். ‘அக்கவுன்ட்ஸ் ஈஸ் நாட் மை கப் ஆஃப் டீ’ என்றேன். எனக்கு வராது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். ‘பிடிக்காத வேலைக்கு எதற்கம்மா வந்தீங்க?’ என்று கேட்டுவிட்டார் அந்த அதிகாரி. நான் சொன்னதில் என்ன தப்பு?

– ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள வாசகிக்கு,

இலக்கணத்தில் தப்பில்லை. ‘வராது’ என்று சொல்ல நினைத்து ‘பிடிக்காது’ என்று சொல்லிவிட்டீர்கள். அந்தத் தொடர் ருசியைப் பற்றியது. பிரமாதமாகக் கணக்கு எழுதுகிறவர்கூட, மனம் ஒட்டவில்லை என்றால் அப்படிச் சொல்லலாம்.

நம் பக்கம் கஷ்டமான எதையும் ‘அது எல்லாருடைய கப் ஆஃப் டீயும் இல்லை’ என்கிறோம். இங்கிலாந்துக்காரர் கேட்டால், எல்லாருக்கும் அதில் விருப்பம் இருக்காது என்றே எடுத்துக்கொள்வார். இதில் தமிழ்மேல்தான் எனக்குச் சந்தேகம். ‘நமக்குச் சரிப்பட்டு வராது’ என்போமே, அதில் பிடிக்காததும் அடங்கும், முடியாததும் அடங்கும்.

அங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனசுக்குப் பிடித்த ஆளைக்கூட ‘மை கப் ஆஃப் டீ’ என்றார்கள். ‘நாட்’ பிற்பாடு ஒட்டிக்கொண்டது. இன்று அதுதான் அதிகம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒருவருக்கு ஸ்ட்ராங், ஒருவருக்கு லைட், ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல். மாஸ்டர் கிளாஸை மாற்றி நீட்டிவிட்டால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். டீ நல்ல டீதான், நம்முடையது இல்லை.

இதற்கு நெருக்கமான தமிழை எங்கள் வீட்டில் கேட்டேன். சென்னை நண்பருக்கு அம்மா கேழ்வரகுக் களி உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவில் குழித்துக் கீரைக் கடைசலை ஊற்றினார். விண்டு, தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டியதை அவர் மென்றார். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது உருண்டை வந்தபோது தட்டின்மேல் கையை வைத்து மறித்து, ‘பழக்கமில்லைங்கம்மா’ என்றார். களிக்கும் குறையில்லை, அம்மாவுக்கும் வருத்தமில்லை. சோறு எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த இன்டர்வியூவில் டீயை விட்டுவிடுங்கள். ‘இதுவரை செய்ததில்லை, கற்றுக்கொள்கிறேன்’ என்பதை நேராக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அந்தத் தொடர் மாம்பழப் பேச்சுக்கு உதவும். எனக்கு நீலம் ‘நாட் மை கப் ஆஃப் டீ’. கிருஷ்ணகிரிக்காரர்கள் சண்டைக்கு வரலாம், மல்கோவாவோடு வந்தால் சரி.