நேரில் வருபவர்களையும் இணையத்தில் கேட்பவர்களையும் சேர்த்து ஒரே கச்சேரியை நடத்துவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் சில வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். நான் சவுண்ட் என்ஜினியர் இல்லை. ஒருநாள், மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் பக்கத்தில் உட்காரப் போய், வேலை தலையில் விழுந்தது.

எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசிக் கவலை. படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள்; சத்தம் சரியில்லையென்றால் இரண்டாவது கீர்த்தனைக்குள் கழன்றுவிடுவார்கள்.

முதல் தடவை, ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையே லேப்டாப்புக்கும் கொடுத்தேன். மண்டபத்தில் எல்லாருக்கும் திருப்தி. இரவு டொரொண்டோவிலிருந்து பெரியம்மா மகள் போன் செய்தாள்: "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணா. மிருதங்கக்காரர் லீவா?"

காரணம் இதுதான். சின்ன மண்டபத்தில் மிருதங்கம் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும். அதனால் ஸ்பீக்கரில் அதைக் குறைத்து, குரலைத்தான் ஏற்றியிருப்போம். லேப்டாப்புக்குப் போவது ஸ்பீக்கருக்குப் போவது மட்டுமே என்பதால், வீட்டில் கேட்பவருக்கு மிருதங்கம், யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். மிக்சரில் ஆக்ஸ் என்று தனி வழி இருக்கிறதே, அதில் இணையத்துக்கென்று வேறு அளவில் கலந்து அனுப்புங்கள். காதை மூடும் ஹெட்போனோடு ஒருவர் வேறு அறையில் உட்கார்ந்து கேட்கவேண்டும். மண்டபத்துக்குள்ளேயே இருந்தால் மேடைச் சத்தம் காதில் விழுந்து ஏமாற்றும்.

அப்புறம், கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து, அதையும் கொஞ்சமாகச் சேருங்கள். கைதட்டல் கேட்காவிட்டால் பாடகர் காலி வீட்டில் பாடுகிற மாதிரி இருக்கும்.

ஜூமில் நடத்துவதாக இருந்தால் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட மறக்காதீர்கள். அதைப் போடாவிட்டால், மாறாமல் ஒலிக்கும் எதையும் ஜூம் மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். எங்கள் தம்புரா அப்படித்தான் காணாமல் போனது.

யூடியூபில் வேறு சிக்கல். மேடையில் நடப்பது பார்ப்பவருக்குப் போய்ச் சேரப் பல நொடிகள் தாமதமாகும். "எங்கிருந்தெல்லாம் பார்க்கிறீர்கள்?" என்று தொகுப்பாளர் கேட்டுவிட்டு வெறும் திரையை முறைத்துக்கொண்டு நிற்பது அதனால்தான். எங்களிடம் ஒரு கல்லூரிப் பெண் போனோடு ஓரமாக உட்கார்ந்து, வருகிற செய்திகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, பாட்டு முடியும் நேரத்தில் மேடைக்குக் கொடுப்பாள். "மொரீஷியஸிலிருந்து ஒரு தாத்தா கல்யாணி கேட்கிறார்" என்று பாடகர் படித்ததும் மண்டபமே சிரித்தது. இங்கே வாங்கியதில் உருப்படியான செலவு அந்தத் துண்டுச்சீட்டுக் கட்டுதான்.

நேரத்தையும் பாருங்கள். டர்பனில் மாலை 6 மணி என்றால் சென்னையில் இரவு 9.30. புரட்டாசியில் லண்டனில் 5 மணி, டொரொண்டோவில் நண்பகல். இன்னொன்று, இங்கே இளசுகள் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, தேவாரத்தையே ஆங்கில எழுத்தில்தான் வைத்திருப்பார்கள். அதனால் பாடல் வரிகளை ஆங்கில எழுத்திலேயே மண்டபத் திரையிலும் இணையத்திலும் ஓடவிடுகிறோம்.

சென்னையில் மிருதங்கம், இங்கே பாட்டு என்று இணையத்தில் இணைக்கலாமா? வேண்டாம். நடுவில் 7000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக் கேபிள் நேர்கோட்டில் போனாலும் ஒரு வழிக்கே 35 மில்லிநொடி ஆகும், நிஜத்தில் இன்னும் கூடும். தாளம் சேராது.

கடைசியாக மின்சாரம். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு கச்சேரி. விருத்தம் பாதியில் எல்லாம் அணைந்தது. பாடகர் நிறுத்தவில்லை. இருட்டில், மைக் இல்லாமல், பின்னால் குழந்தைகள்கூடச் சத்தம் போடாமல் பத்து நிமிடம் பாடினார். அன்று மண்டபத்தில் கேட்டவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். இணையத்தில் இருந்தவர்களுக்குச் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு வட்டம்தான் மிச்சம். இப்போது மிக்சர், லேப்டாப், ரவுட்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்கின்றன. ஸ்பீக்கரை மட்டும் அதில் சேர்க்கவில்லை.