குதிகாலில் கறுப்புப் படை: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. திருத்துறைப்பூண்டி அருகே எங்கள் பன்னிரண்டு மா நிலத்தில் இன்றும் அவரே இறங்கி வேலை பார்க்கிறார். ஒன்றரை ஆண்டுக்கு முன் அவருடைய இடது குதிகாலில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. முள் குத்திய இடம் என்று விட்டுவிட்டோம். இப்போது அது ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் படர்ந்திருக்கிறது. வலி இல்லை, ஆனால் சென்ற மாதம் நடவுக்குப் பிறகு ஓரத்தில் நீர் கசிந்தது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டுகிறார். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. மெலனோமா என்னும் தோல் புற்றுநோயைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அது வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று மாமனார் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். எனக்கும் உடம்பில் பத்துப் பதினைந்து மச்சங்கள் உள்ளன, வலது கட்டைவிரல் நகத்தில் ஒரு பழுப்புக் கோடும் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? – ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரத்திற்குள் உங்கள் மாமனாரைத் தோல் நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலைப் பார்க்காமல், கடிதத்தை மட்டும் படித்துவிட்டு இது புற்றுநோய் என்றோ இல்லை என்றோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் அறுபது வயதைக் கடந்தவரின் உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி, ஒன்றரை ஆண்டில் மிளகு அளவிலிருந்து நாணய அளவுக்கு வளர்ந்து, இப்போது நீரும் கசிகிற ஒரு கறுப்புப் படையை, திசுப் பரிசோதனை வேறு விதமாகச் சொல்லும் வரை மெலனோமாவாக இருக்கக்கூடும் என்று எண்ணியே அணுக வேண்டும். வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இந்த நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று உங்கள் உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி உண்மைதான் நம் ஊரில் காலதாமதத்திற்குக் காரணமாகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்களில் தொடங்குகிற புற்றுநோய் மெலனோமா. வெளிர் நிறத் தோலில் கடும் வெயில்பட்டு இது அதிகமாக உண்டாகிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 1,00,000 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது. இந்தியாவில் அதே கணக்கில் ஒருவருக்கும் குறைவு. நம் தோலின் நிறமி வெயிலிலிருந்து நம்மைப் பெருமளவு காப்பது உண்மை. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோன்றும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. அது எல்லா நிறத்தவருக்கும் வருகிறது. மற்ற வகைகள் நம்மிடம் அரிது என்பதால், நமக்கு வரும் மெலனோமாக்களில் இந்த வகையின் பங்கு மிகவும் கூடுகிறது. கிழக்காசிய நாடுகளில் மெலனோமா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கை கால்களின் இந்தப் பகுதிகளில்தான் நோய் காணப்படுகிறது. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தின் அடியில் கண்டறியப்பட்டது இந்த வகைதான். கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்று முதலில் கருதப்பட்ட அது உடலெங்கும் பரவி, 1981இல், 36 வயதில் அவர் உயிரிழந்தார்.

டெல்டாவில் உள்ளங்காலைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உடம்பிலேயே யாரும் பார்க்காத இடம் அதுதான். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதியைச் சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலோடு கழிப்பவர்களின் பாதம் எப்போதும் ஏதோ ஒரு கறையோடுதான் இருக்கும். பித்தவெடிப்புக்குள் சேறு படிந்து கறுப்பாகத் தெரியும், நண்டு வளையில் சிப்பி கிழித்த தழும்பு இருக்கும், சேற்றுப்புண் வந்துபோகும், கருவேல முள் குத்திய இடம் தடித்து நிற்கும். இத்தனைக்கும் நடுவே புதிதாக வந்த ஒரு கறுப்புப் படைக்கு வீட்டில் ஒரு பெயர் உடனே கிடைத்துவிடுகிறது. முள், ஆணி, சேற்றுப்புண், மரு என்று ஏதோ ஒன்றாகக் கொண்டு, பெயர் கிடைத்த பின் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மருத்துவர்களாகிய நாங்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். தொழிலின் தொடக்க ஆண்டுகளில், அரிப்பு என்று வந்தவரின் கையையும் கழுத்தையும் பார்த்து மருந்து எழுதி அனுப்பியிருக்கிறேனே தவிர, செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டுங்கள் என்று கேட்டதில்லை. இப்போது ஒருவரையும் கேட்காமல் அனுப்புவதில்லை.

அப்படியானால் முள் குத்திய கறுப்பையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது? முள்ளாலும் அடியாலும் உறைந்த இரத்தம் சில வாரங்களில் மங்கும், தோல் உரியும்போது அதோடு கழன்றுவிடும். கால் ஆணி அழுத்தம் படும் இடத்தில் கடினமாக இருக்கும், அழுத்தினால் வலிக்கும், மேல்தோலைச் சீவினால் உள்ளே கண்ணாடி போன்ற மையம் தெரியும். மருவில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். 1842இல் மதுரையில் விவரிக்கப்பட்டு, 'மதுரைக் கால்' என்றே பெயர் பெற்ற, பூஞ்சையாலோ பாக்டீரியாவாலோ வரும் நோயில் பாதம் வீங்கி, பல துளைகளின் வழியே கடுகு போன்ற மணிகள் வெளிவரும். இவை எதிலும் அடங்காமல், வாரங்கள் கடந்தும் மங்காமல், மாதந்தோறும் சிறிது சிறிதாகப் படரும் படைதான் நாம் அஞ்ச வேண்டியது.

மச்சங்களைப் பார்ப்பதற்கு அமெரிக்க மருத்துவர்கள் 1985இல் வகுத்த ஒரு முறை உலகெங்கும் பயன்படுகிறது. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியை ஒத்திருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா அல்லது கடற்கரை போல் வெட்டுப்பட்டிருக்கிறதா, ஒரே நிறமா அல்லது கறுப்பு, பழுப்பு, சாம்பல், சிவப்பு என்று கலந்திருக்கிறதா, குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்னும் நான்கு கேள்விகள் அதில் இருந்தன. மாற்றம் தெரிகிறதா என்னும் ஐந்தாவது கேள்வி 2004இல் சேர்க்கப்பட்டது. நம்மவர்களின் கால்களைப் பொறுத்தவரை அந்த ஐந்தாவதுதான் முதன்மையானது என்பது என் கருத்து. தொடக்கத்தில் இந்தப் படை சிறியதாகவும் ஒரே நிறமாகவும் இருந்து ஏமாற்றக்கூடும், ஆனால் மாறாமல் இருக்காது. சில மெலனோமாக்கள் கறுப்பே இல்லாமல் இளஞ்சிவப்பாக, சதை வளர்ந்த புண் போல இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் என்றால் எல்லோருக்கும் காரணம் தெரிந்ததுபோல் தோன்றிவிடுகிறது. மாதக்கணக்கில் கட்டு மாற்றுவதிலேயே காலம் கழிகிறது, உள்ளே வேறொன்று இருக்கலாம் என்ற ஐயம் எழுவதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும், முறையாகக் கட்டுப் போட்டும் இரண்டு மாதத்தில் ஆறாத பாதப் புண்ணிலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்கும்படி நீங்களே கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் பணியாளரிடம் உள்ளங்காலையும் காட்டுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி, கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். இது டெல்டாவில் மட்டுமன்றித் தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கும் நம்பிக்கை, இதை ஏளனமாகத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. அது அனுபவத்திலிருந்து பிறந்தது. நோய் முற்றிய பின் அறுவைக்குச் சென்றவர்கள் சில மாதங்களில் இறந்ததை ஊர் பார்த்திருக்கிறது, எனவே கத்திதான் கொன்றது என்று ஊர் முடிவு செய்தது. உண்மையில் அவர்கள் கத்தியைத் தேடிச் சென்றபோதே நோய் பரவியிருந்தது. மெலனோமா என்று ஐயப்படும் இடத்தில் திசு எடுப்பதால் நோய் பரவுவதில்லை, நோயாளியின் ஆயுள் குறைவதும் இல்லை. சிறிய படையாக இருந்தால் சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலோடு முழுவதையும் எடுத்துவிடுவார்கள். உங்கள் மாமனாருக்கு இருப்பதுபோல் குதிகாலில் பெரிதாக இருந்தால், மிகவும் கறுத்த அல்லது தடித்த பகுதியிலிருந்து ஒரு துண்டு எடுப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிறு வேலை அது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

அந்தத் துண்டில் எதைத் தேடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவைத்தால் ஒருவேளை இசைவார். மெலனோமாவின் கதியை முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் அகலத்தைக் காட்டிலும் ஆழம்தான். 1970இல் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் இதை நிறுவினார், அந்த அளவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நெல்லின் வேர் போல, மேலே ஒரு சாண் படர்ந்தாலும் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே கேள்வி. ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது எடுத்துவிட்டால், நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பத்தாண்டுகள் கடந்தும் இந்நோயால் இறவாமல் இருக்கிறார்கள். சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலோடு அகற்றினால் போதும். 2, 4 மில்லிமீட்டர் என்று இறங்க இறங்க, தொடை இடுக்கின் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். சிகிச்சை நீளும், செலவு கூடும், நம்பிக்கை குறையும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த நோய் எதிர்ப்பாற்றல் மருந்துகள் பரவிய நோயிலும் சிலருக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் அவை விலை மிகுந்தவை, கைகால் மெலனோமாவில் அவற்றின் பலன் சற்றுக் குறைவும்கூட.

இதனால்தான் கால் ஆணி பிளாஸ்டரை இன்றே நிறுத்தச் சொல்கிறேன். அதிலுள்ள அமிலம் மேல்தோலை அரித்துவிடும். கள்ளிப்பால் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, பிளேடால் சீவுவது, அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பது எல்லாமே அளக்க வேண்டிய ஆழத்தை அழித்துவிடுகின்றன. அகற்றிய எதையும் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட விடாதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத எல்லோரின் தோலையும் மருத்துவர் பார்ப்பதால் நன்மை உண்டென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று, இந்நோய் நம்மைவிடப் பன்மடங்கு மிகுந்த அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவே 2023இல் அறிவித்தது. நம் ஊரில் அதற்கு நியாயம் இன்னும் குறைவு. அதற்கு மாற்றாக நான் கேட்பது எளியது. பலர் வீட்டில் சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ எண்ணெய்க் குளியல் நடக்கிறது. மாதத்தில் ஒரு முறை, குளித்துச் சேறும் கறையும் போன பின், நல்ல வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கால், விரல் இடுக்கு, உள்ளங்கை, இருபது நகம் ஆகியவற்றைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். ஐயம் தரும் புள்ளியைப் பக்கத்தில் அளவுகோல் வைத்து அலைபேசியில் படம் எடுங்கள். வெற்றிலை பாக்குப் போடுபவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு மேலண்ணத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது; அங்கும் மெலனோமா வருவதுண்டு.

உங்கள் நகக் கோட்டைப் பொறுத்தவரை, நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு நகத்தில் பழுப்புக் கோடு வருவது சாதாரணம். பல நகங்களில் இருந்தால் பெரும்பாலும் அது நிறமியின் இயல்பே. ஒரே நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலில் அல்லது கால் பெருவிரலில், நடுத்தர வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றி, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, நிறம் சீராக இல்லாமல், நகத்தின் அடித்தோலிலும் கறுப்பு பரவினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. உங்கள் கோடு கட்டைவிரலில் மட்டுமே இருப்பதால், மாமனாரோடு போகும்போது மருதாணியோ நகப்பூச்சோ இல்லாமல் சென்று அதையும் காட்டிவிடுங்கள். அடிபட்ட இரத்தக்கட்டாக இருந்தால் அது நகத்தோடு முன்னோக்கி நகரும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும், கால் பெருவிரல் நகம் அதில் பாதிதான் வளரும். உடம்பிலுள்ள மச்சங்களில் மற்றவற்றைப் போல் இல்லாத ஒன்று, அல்லது மாறுகிற ஒன்று இருந்தால் அதை மட்டும் காட்டினால் போதும்.

உங்களுக்கு அருகில் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். தோல் நோய்ப் பிரிவில் டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கி வழியாகப் பார்க்கும்படி கேளுங்கள். உள்ளங்கால் ரேகைகளை வரப்பும் வாய்க்காலுமாகக் கொண்டால், சாதாரண மச்சத்தில் நிறம் வாய்க்காலில் ஓடும், மெலனோமாவில் வரப்பின் மேல் ஏறி நிற்கும். அந்தக் கருவி காட்டும் முக்கியமான வேறுபாடு இது. கருவி இல்லை என்பதற்காகத் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை மருந்துச் சீட்டு, ஆதார், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, பழைய படம் ஏதேனும் இருந்தால் அது ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முடிவு வரும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அறிக்கையில் மெலனோமா என்று வந்தால் ஆழம் மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் அடுத்த அறுவை எவ்வளவு அகலம் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.