வீவக வாடகை வீடு யாருக்குக் கிடைக்கும்?

சிங்கப்பூரில் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தரும் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வீவகவின் முடிவை என்னால் மாற்ற முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணே, எனக்குச் சம்பளம் மாதம் 1,450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவி பகுதி நேர வேலையில் 600 வெள்ளி வாங்குகிறார். மூன்று பிள்ளைகள். 1,500 வெள்ளி வரம்பைத் தாண்டிவிட்டோமே, விண்ணப்பிக்கவே முடியாதா?

பதில்: விண்ணப்பியுங்கள் தம்பி. குடும்பத்தின் மொத்த மாத வருமானம், அதாவது மசேநி (மத்திய சேமநிதி) பிடிப்பதற்கு முன் உள்ள தொகை, 1,500 வெள்ளி என்பது பொதுவான வரம்பு. ஆனால் அதை மட்டுமே பார்த்துக் கதவைச் சாத்துவதில்லை. வீட்டில் எத்தனை பேர், என்ன கஷ்டம், தங்க வேறு இடம் உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் தலைக்கு 410 வெள்ளிதான் வருகிறது, அதை விண்ணப்பத்தில் தெளிவாகக் காட்டுங்கள். மனைவியின் வருமானத்தை மறைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பின்னால் தெரிந்தால் கிடைத்த வீடும் போய்விடும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. போன ஆண்டு நாலறை வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். இப்போது என் ஈரறை வீட்டில் நெருக்கடியாக இருக்கிறோம். அண்ணன் காண்டோவில் (தனியார் அடுக்குமாடி வீட்டில்) இருக்கிறார், பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாவுக்கு வாடகை வீடு கிடைக்குமா?

பதில்: இங்கேதான் பலருடைய விண்ணப்பம் சிக்குகிறது அக்கா. முதலாவது, வீட்டை விற்றவர் பொதுவாக 30 மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, விற்ற பணம் எங்கே போனது என்று கேட்பார்கள். கடனை அடைத்த ரசீது, வங்கிக் கணக்கு விவரம், மசேநிக்குத் திரும்பிய தொகை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மூன்றாவது, பிள்ளைகளால் வைத்துக்கொள்ள முடியுமா என்பது. உங்கள் அண்ணனின் காண்டோ அங்கே கண்டிப்பாகப் பேச்சுக்கு வரும். உறவு முறிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. குடும்ப சேவை நிலையத்தில் சமூக ஊழியரைப் பார்த்து, நிலைமையை விளக்கும் அறிக்கை கேளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகும்போதும் அது கையில் இருக்கட்டும். வெறும் முறையீட்டுக் கடிதத்தைவிட அதற்கு எடை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: 38 வயது, திருமணமாகவில்லை. எனக்குத் தனியாகக் கிடைக்குமா?

பதில்: 35 வயது தாண்டிவிட்டதால் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒற்றையர் பொதுவாக இன்னொருவரோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். முன்பு கூட்டாளியை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவரோடு ஓரறை வீட்டில் முட்டிக்கொண்ட கதைகள் நிறைய! 2021 முதல், சமூக சேவை அமைப்புகள் நடத்தும் ஏற்பாட்டில் தனியாளாகவே விண்ணப்பிக்கலாம். பொருத்தமானவரை அவர்களே சேர்த்துவைப்பார்கள், சண்டை வந்தாலும் சமாதானம் பேசுவார்கள்.

கேள்வி: நான் குடியுரிமை உள்ளவன். மனைவி திருச்சியிலிருந்து வந்து நீண்டகால வருகை அட்டையில் இருக்கிறார். எங்களைக் குடும்பமாக எடுத்துக்கொள்வார்களா?

பதில்: குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் நீங்களும் பிள்ளையும் சேர்ந்தே குடும்பம் என்று கணக்காகிவிடும், மனைவியும் உடன் தங்கலாம். பிள்ளை இல்லையென்றால் தனிப்பட்ட முறையில் பரிசீலிக்கச் சொல்லி முறையிட வேண்டும்.

கேள்வி: மாத வாடகை எவ்வளவு வரும்?

பதில்: இதற்கு முன் வீவக மானியம் வாங்காதவர், வருமானம் 800 வெள்ளிக்குள் என்றால் ஓரறைக்கு 26 முதல் 33 வெள்ளி, ஈரறைக்கு 44 முதல் 75 வெள்ளி. 801 முதல் 1,500 வரை என்றால் ஓரறைக்கு 90 முதல் 123, ஈரறைக்கு 123 முதல் 165. முன்பு மானியம் வாங்கியவர்களுக்கு இதைவிடக் கூடுதல்.

கேள்வி: பிடிஓ வீட்டுக்கு, அதாவது பதிவு செய்தபின் வீவக கட்டித் தரும் சொந்த வீட்டுக்கு, காத்திருக்கும் புதுத் தம்பதி நாங்கள். இருவருக்கும் சேர்த்து 5,000 வெள்ளி வருமானம்.

பதில்: நீங்கள் பார்க்க வேண்டிய வரிசையே வேறு. பிடிஓ வீட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கென்று வீவக இடைக்கால வாடகை வீடு தருகிறது. அதற்கு வருமான வரம்பு 7,000 வெள்ளி.

கேள்வி: வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். மகள் வேலைக்குப் போகப் போகிறாள். வருமானம் கூடினால் காலி செய்யச் சொல்வார்களா?

பதில்: உடனே அப்படிச் சொல்ல மாட்டார்கள் அக்கா. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அப்போது வருமானத்தைப் பார்த்து வாடகையை மாற்றுவார்கள். பயந்துகொண்டு மகளின் பெயரை வீட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அப்புறம், வாடகை பாக்கி விழுந்தால் ஒளிந்துகொள்ளாமல் சமூக சேவை அலுவலகத்துக்குப் போங்கள். ஓர் அறையை வெளியாளுக்கு விடலாமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது.